பண்டாரி வீட்டுக் கீரை

திருப்பாதிரிப்புலியூரில் நூர்முகம்மதுவைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. தேக்சா என்கிற பெரிய சமையல் அண்டா அடுப்பில் ஏறிவிட்டால் மூடியைத் திறக்கவே மாட்டார். பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பார். அரிசி எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் காலமான அன்று துக்கத்துக்கு வந்தவர்கள்கூட யார் யார் கல்யாணத்தில் அவர் கைப் பிரியாணி சாப்பிட்டார்கள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். போன பிறகும் பேச ஒரு வாசனையை விட்டுப் போகிறவர் கொடுத்துவைத்தவர்தான். ஆனால் அவரே பெரிதாக நினைத்த சமையல் பிரியாணி அல்ல. அறுபத்தாறாம் வருஷக் கடைசியில் வந்த நோன்பு மாதத்தில், தெருப் பள்ளிவாசலில் சில நாட்கள் அவர் காய்ச்சிய ஒரு கஞ்சி.

அப்போது அவருக்கு நாற்பது வயது. பதினோரு மாதம் கல்யாணச் சமையல். நோன்பு மாதத்தில் கல்யாணம் இல்லாததால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி. கடலூர்ப் பக்கத்தில் கல்யாணச் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு மிடுக்கு உண்டு. அந்த மிடுக்கால் கீரை அவர் வீட்டுப் படி ஏறியதில்லை. புதினாவும் கொத்தமல்லியும் வரும்; அவை அவர் கணக்கில் கீரை அல்ல, மசாலா.

அடுத்த வீட்டு ஞானாம்பாள் கடைத்தெருவில் கீரை விற்பவள். அவள் கொல்லையில் ஒரு முருங்கை மரம் கிளை விரித்து நூர்முகம்மது வீட்டு ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையில் கூடையைத் தலையில் ஏற்றும்போது அவரைச் சீண்டாவிட்டால் அவளுக்கு வியாபாரம் ஓடாது.

"பாய், ஒரு கட்டு அரைக்கீரை தரட்டா? சும்மாத்தான்."

"வேணாங்க்கா. அது ஆடு திங்கிறது."

"அந்த ஆட்டத்தான நீங்க திங்கிறீங்க? நான் கையில குடுத்தா கசக்குது, ஆட்டு வயித்து வழியா வந்தா இனிக்குதா?"

சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

சாப்பாட்டின் சத்தைப் பற்றி அக்கறை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய நம்பிக்கை தானியத்தில் இருந்தது. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நெல்லோட உசிர மாட்டுக்குத் தவிடாப் போட்டுட்டு, சக்கைய நாம திங்கிறோம்" என்பார். குறிஞ்சிப்பாடி சந்தைக்குப் போய்க் கேழ்வரகும் கம்பும் வாங்கி வருவார். அரிசித் தட்டுப்பாட்டில் ஊரே ரேஷன் கோதுமையைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் அதைத் தவிடு போகாமல் அரைத்துவந்து வாரத்தில் இரண்டு நாள் ரொட்டி சுட்டார். அந்த வருஷம் மனைவி ரசியா உண்டாகியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கரு நிற்காமல் போனவள். இந்தத் தடவை விடக்கூடாது என்று, காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் கைக்குத்தல் அரிசிச் சோறு, சாயங்காலம் கம்பு உருண்டை என்று அவளை ஒரு தானியக் குதிராகவே ஆக்கிவிட்டார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம். நடையில் உட்கார்ந்து அகப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தற்செயலாக உள்ளே பார்த்தார். ரசியா சுவரில் கையை வைத்துத் தடவிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். நிலைப்படி வந்ததும் காலால் துழாவினாள். அது அவள் எட்டு வருஷமாகப் புழங்கிய வீடு.

"என்னா ரசியா, தடவித் தடவிப் போறே?"

"ஒண்ணுமில்ல மச்சான். தலை சுத்தல்."

அவர் எழுந்து சத்தமில்லாமல் அவள் எதிரே போய் நின்றார். மூக்குக்கு நேரே ஒரு முழத் தூரம். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி நின்றாள். பிறகு அவர் மூச்சுச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

"ஒரு மாசமா இப்பிடித்தான். பகல்ல நல்லாத் தெரியுது. பொழுது எறங்குனா கரி பூசுன மாதிரி ஆயிடுது. வெளக்கு ஏத்துனா வெளக்கு மட்டும் தெரியுது. யாருக்கிட்டயும் சொல்லாதீங்க மச்சான். பொறக்கற புள்ளைக்கும் கண்ணு இருக்காதுன்னு தெருவுல பேசுவாங்க. என் காதுல அது விழுந்தா நான் தாங்க மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தார். சிதம்பரத்தில் ரசியாவின் அக்காள் இருந்தாள். அவளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் ரயில் ஏறினார்கள். சிதம்பரத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் ராஜாமணி டாக்டரம்மா ரசியாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மாலைக்கண்தான் என்றார்.

"என்ன சாப்பிடுறாங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நூர்முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல ஒரு கொறையும் வச்சதில்லீங்கம்மா. கேவுரு, கம்பு, கைக்குத்தல் அரிசி. கோதுமையக்கூடத் தவிட்டோடதான் அரைக்கிறது."

"ரொம்பச் சந்தோஷம். படிச்சவங்க வீட்டுலகூட இத செய்யறதில்ல. கேழ்வரகுல சுண்ணாம்புச் சத்து இருக்கு, எலும்புக்கு நல்லது. தவிட்டுச் சத்து இருந்தா கை கால் மரத்துப் போகாது. சரி, கீரை?"

அவர் ரசியாவைப் பார்த்தார். ரசியாதான் தலைகுனிந்தபடி சொன்னாள். "பண்டாரி வீட்டுல கீரை ஏதுங்கம்மா."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பண்டாரியா நீங்க? அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். தானியம்ங்கறது அடுப்புக்கு விறகு மாதிரி. அது இல்லாம ஒண்ணும் வேகாது. ஆனா குழம்புல உப்பு இல்லன்னு வச்சுக்குங்க, இன்னும் நாலு விறகு சொருகினா உப்பு வந்துடுமா?"

"எப்பிடிங்கம்மா வரும்?"

"அவ்வளவுதான். கண்ணு கேக்கிற சத்து தானியத்துல இருக்குன்னு சொல்ற அளவுக்கு இல்ல. மூட்டை மூட்டையாத் தின்னாலும் இல்ல. கீரையில இருக்கு, ஈரல்ல இருக்கு, மீன் எண்ணெயில இருக்கு. அதுக்காகக் கீரைய மட்டும் தின்னுட்டு யாரும் மூட்டை தூக்க முடியாது. ரெண்டுல எது ஒசத்தின்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஒண்ணு செய்யற வேலைய இன்னொண்ணு செய்யாது."

"சரியாயிடுமாங்கம்மா?"

"இப்பவே பாத்தா ஆயிடும். விட்டுட்டா கண்ணு வறண்டு புண்ணாயிடும். அதுக்கப்புறம் பகல்லயும் தெரியாது. அப்ப வந்து நின்னா என்னாலயும் ஒண்ணும் முடியாது." எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "கீரைய வேகவச்சுத் தண்ணிய வடிச்சுக் கொட்டிடாதீங்க. கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேத்துக்குங்க. அப்பத்தான் சத்து உடம்புல ஒட்டும்."

திரும்பி வரும்போது ரயிலில் நூர்முகம்மது, ஈரலில் அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டு வந்தார். ஆடு தழை தின்கிறது. தின்றது ஈரலில் தங்குகிறது. ஞானாம்பாள் வேடிக்கையாகச் சொன்னதைத்தான் டாக்டரம்மாவும் சொன்னார் என்று கடலூர் வருவதற்குள் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

புரிந்துகொண்டதால் மட்டும் ஒன்றும் நடந்துவிடவில்லை. மீன் எண்ணெய்ப் பாட்டிலின் மூடியைத் திருகும்போதே ரசியாவுக்குக் குமட்டியது. ஈரலை வாயில் வைத்ததும் கொல்லைக்கு ஓடினாள். மிஞ்சியது கீரை. அதற்குள் நோன்பு பிறந்துவிட்டது.

கர்ப்பிணிக்கு நோன்பு கட்டாயமில்லை, பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குழந்தை நிலைத்தால் மாதம் முழுவதும் நோன்பு பிடிப்பதாக ரசியா முன்பே நேர்ந்துகொண்டிருந்தாள். பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தைக் கேட்டு வரட்டுமா என்று நூர்முகம்மது சொன்னபோது, "அவர் விடச் சொல்லிடுவாரு. எனக்கு மனசு விடாது" என்றாள். ஆக, பகலில் வாயில் ஒன்றும் படாது. பொழுது சாய்ந்தால் கீரை தொடமாட்டாள். இரவில் கீரை ஆகாது என்பது ஊரெங்கும் சொல்கிற பேச்சுதான். ஆனால் அவளுக்கு அது வெறும் பேச்சு அல்ல. இரண்டாம் கரு கலைந்தது, சிதம்பரத்தில் அக்காள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டில் கீரை சாப்பிட்டுப் படுத்த இரவில். அந்தக் கீரைக்கும் அந்த இழப்புக்கும் சம்பந்தமில்லை என்று நூர்முகம்மதுவுக்குத் தோன்றும். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வராது. பண்டாரி வீட்டில் கீரை ஏது என்று அவர் ஊரெல்லாம் பெருமை பேசியதில் பாதி, அவளுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வராமல் இருக்கத்தான்.

பகலை நோன்பு அடைத்துவிட்டது. இரவைப் பயம் அடைத்துவிட்டது. நடுவில் இருந்தது, பாங்கு சொன்னதும் அவள் குடிக்கிற ஒரு கோப்பைப் பள்ளிவாசல் கஞ்சிதான்.

நோன்பு பாதிக்கு வந்த சமயம் அவர் ஞானாம்பாள் கொல்லையில் போய் நின்றார்.

"யக்கா, ரெண்டு கொத்து முருங்கை ஒடிச்சுக்கறேன்."

ஞானாம்பாள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "என்னா பாய், ஆடு வாங்கிட்டீங்களா?"

"ஆட்டுக்கு இல்லக்கா. ஆளுக்குத்தான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு கேலி செய்யவில்லை. துரட்டியை எடுத்து அவளே இழுத்துப் போட்டாள்.

அன்று அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைந்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குகிற நேரத்தில், உருவி வைத்திருந்த இலையைத் தேக்சாவில் கொட்டிக் கிளறினார். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த நஸ்ருதீன் பதறி எழுந்தான். அவன் ரசியாவின் தம்பி.

"மச்சான்! என்னா போடறீங்க?"

"எலை."

"தெரியுது. எதுக்கு?"

"போட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

பாங்குக்கு முன்னால் கஞ்சி வாங்க வந்தவர்கள் பாத்திரத்தைப் பார்த்தார்கள், பண்டாரியைப் பார்த்தார்கள். "தேக்சா கழுவுலியா பண்டாரி? பாசி புடிச்சிருக்கே" என்றார் ஒருவர். "மழ ஜாஸ்தி. கஞ்சியிலயும் புல்லு மொளச்சிடுச்சு" என்றார் இன்னொருவர். குடித்த பிறகு பாதிப் பேர் ருசியாக இருக்கிறது என்றார்கள். மீதிப் பேர் பொழுது சாய்ந்து கீரையா என்று முகம் சுளித்தார்கள். வீட்டில் ரசியா ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டாள். இப்படியே நான்கைந்து நாள் போயிற்று.

முத்தவல்லி அப்துல் வதூது அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் பொறுப்பு. அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் பேசினால் மாற்றமாட்டார்.

"நூர், கஞ்சியில தழை போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலீங்க. நானாப் போட்டேன். எலைக்குப் பள்ளிவாசல் காசு எடுக்கல."

"காசப் பத்தி நான் கேக்கவே இல்லியே. ஒரு ஒரு நாள் கஞ்சியும் ஒரு ஒரு வீட்டு உபயம். அவுங்க நெனச்சுக் குடுத்தது ஒண்ணு, நீ காய்ச்சுறது ஒண்ணா இருந்தா எப்பிடி? நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யணுமா இல்லியா?"

நூர்முகம்மதுவுக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அங்கேயே இளகியிருப்பார். ஆனால் காரணம் அவருடையது அல்ல, ரசியாவுடையது.

"ஏன் போட்டேன்னாவது சொல்லு."

"தோணுச்சு, போட்டேன்."

"அப்ப மிச்ச நாளைக்கு நஸ்ருதீன் காய்ச்சட்டும். உனக்கும் ஓய்வு வேணும்."

பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக நோன்பு நாளின் சாயங்காலம் அவர் வீட்டில் இருந்தார். கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது. பாங்குக்குச் சற்று முன்னால் நஸ்ருதீன் தூக்குவாளியோடு வந்தான். நடந்ததையெல்லாம் அக்காளிடம் ஒப்பித்துவிட்டு, "நீயே கேளு இவர. எலை எதுக்குன்னா வாய தெறக்க மாட்டேங்கறாரு. கிறுக்குப் புடிச்சுப் போச்சு மச்சானுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரசியா தூக்குவாளியைத் திறந்து விளக்கருகில் வைத்து முகர்ந்தாள். வெள்ளைக் கஞ்சி.

"என்னாலதான் தேக்சா போச்சா?"

"அதெல்லாம் இல்ல."

"கண்ணுதான் தெரியல எனக்கு. நாக்குமா தெரியாது? மொத வாயிலயே முருங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் திகைத்தார். "தெரிஞ்சா குடிச்சே?"

"பள்ளிவாசல் கஞ்சி. ஊரே துஆ கேட்டுக் குடிக்கிறது. அதுல கெடுதல் வராதுன்னு நெனச்சேன். குடிச்சுட்டு ராத்திரி பூரா வயித்து மேல கைய வச்சுக்கிட்டு முழிச்சிருந்தேன். புள்ள ஒதைச்சுது. மறுநாளும் ஒதைச்சுது." கோப்பையை நகர்த்தி வைத்தாள். "இத்தன நாள் ஒண்ணும் ஆவல மச்சான். எங்க அக்கா வீட்டுக் கீரை மேல நான் வீணாப் பழி போட்டுட்டேனோ என்னவோ."

அந்தப் பழியை இத்தனை வருஷமாக அவளோடு சேர்ந்து அவரும் சுமந்திருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். வந்த வார்த்தை இதுதான்: "கேவுரு மாவு இருக்கு. அடை சுடட்டுமா? கீரை போட்டு?"

"சுடுங்க. வெங்காயம் ஜாஸ்தியாப் போடுங்க."

அவர் ஞானாம்பாள் வீட்டு வேலியோரம் போய்க் குரல் கொடுத்தார். கேழ்வரகு மாவில் முருங்கை இலையையும் வெங்காயத்தையும் பிசைந்து, நல்லெண்ணெய் விட்டு அடை தட்டினார். பெரிய தேக்சாக்களில் வாழ்ந்த கைக்கு அந்தச் சின்னத் தோசைக்கல் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. விறகும் உப்பும் என்று டாக்டரம்மா பிரித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. பிரித்துச் சொன்னது புரிவதற்காக. தின்கிறபோது இரண்டும் ஒரே அடையில்தான் இருக்கிறது. தானியத்தில் அவர் வைத்திருந்த நம்பிக்கை பொய்யில்லை. அதோடு நிற்க வேண்டும் என்று நினைத்ததுதான் பிசகு.

தினமும் அடை, இல்லாவிட்டால் கீரை கடைந்து கைக்குத்தல் அரிசிச் சோறு. சில நாள் கழித்து ரசியா ராத்திரித் தராவீஹ் தொழுகைக்குக் கிளம்பினாள். முத்தவல்லி வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடித் தொழுவார்கள். அவள் அந்த மாதம் போகாமலே இருந்தாள். போனவள் தொழுகை முடிந்ததும், முத்தவல்லியின் மனைவி சைதுன் பீவியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள்: "மாமி, எனக்கு மாலைக்கண்ணு. அதுக்காகத்தான் அவரு கஞ்சியில கீரை போட்டாரு. நான்தான் சொல்லக் கூடாதுன்னு வாய அடச்சேன்." பிறகு மூலையில் இருந்து ஒரு பெண், அந்தி ஆனால் தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றாள். எந்தப் பெண் என்று ரசியா வீட்டில் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அசர் தொழுதுவிட்டு அப்துல் வதூது நேரே வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, நூர்?"

"சொல்ற மாதிரி இல்லீங்க."

"சரி வா. பெரிய தேக்சா வெள்ளையாவே இருக்கட்டும், பெரியவங்க சண்டைக்கு வர்றாங்க. பக்கத்துல சின்னதா ஒண்ணு தழை போட்டுக் காய்ச்சு. வேணுங்கறவங்க அதுல வாங்கட்டும். உபயக்காரங்கள நான் கேட்டுட்டேன்."

அப்படியே நடந்தது. சின்னத் தேக்சா முதலில் தீர்ந்த நாளும் உண்டு, கேட்பாரற்று மிஞ்சிய நாளும் உண்டு.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சாயங்காலம் பெருநாள் பிறை பார்க்கத் தெருவே முத்தவல்லி வீட்டு மொட்டை மாடியில் ஏறியது. ரசியா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே மெல்ல ஏறினாள். நூர்முகம்மது அவளுக்கு ஒரு படி கீழேயே வந்தார். மேற்கே மார்கழி மேகம். சிவப்பு வடிந்து சாம்பல் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. வானத்தைப் பார்க்காமல் அவர் மனைவியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வெளிச்சத்தில்தான் போன மாதம் அவளுக்கு எல்லாம் கரியாகிப் போயிற்று.

"அதோ! அதோ பிறை!" என்று கத்தினான் நஸ்ருதீன். "தென்ன மரத்துக்கு அந்தாண்ட பாருங்க!"

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சிலர் நபியை வாழ்த்திச் சலவாத்தே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ரசியா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டேய், அது பிறை இல்லடா. மேகத்தோட ஓரம். பாரு, ரெண்டாப் பிரியுது."

"ஒனக்கு என்னாக்கா தெரியும்" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மேகம் இரண்டாகப் பிரிந்தது. அங்கே பிறை இல்லை.

"நாளைக்கும் நோன்புதான்" என்றார் அப்துல் வதூது. கூட்டம் கலைந்து இறங்கத் தொடங்கியது. படிக்கட்டில் இருட்டு. நூர்முகம்மது வழக்கம்போலக் கையை நீட்டினார். ரசியா அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீங்க முன்னால போங்க மச்சான்" என்றாள். "வழிய மறச்சுக்கிட்டு நிக்கிறீங்க."